கணினி கேள்வி–பதில்: தாய்ப்பலகை மாறியது, வன்தட்டு மாறவில்லை

இம்மாதம் கிடைத்த கடிதங்களில் ஆறு, வெவ்வேறு ஊர்களில் இருந்து வந்தவையாயினும், ஒரே இடரைச் சுற்றியே எழுதப்பட்டுள்ளன. கணினியின் உறுப்புகள் யாவும் பொருத்தப்படும் தாய்ப்பலகை (மதர்போர்ட்) பழுதாகிப் புதியது பூட்டப்படுகிறது; கோப்புகள் இருக்கும் வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) பழையதே; ஆனால் கணினி முன்புபோல எழும்ப மறுக்கிறது. மாரியில் மின்னலும், போய்த் திரும்பி வரும் மின்சாரமும் எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் எத்தனையோ தாய்ப்பலகைகளைக் கொண்டுபோய்விட்டன. ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறேன். கட்டளைகளின் பெயர்களை உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்டச்சு செய்ய வேண்டும்.

கேள்வி: நான் சுன்னாகத்தில் சிறிய ஸ்ரூடியோ ஒன்று நடத்துகிறேன். 2013 இல் வாங்கிய கணினியின் தாய்ப்பலகை, கார்த்திகையில் மின்னல் முழங்கிய ஓர் இரவில் கருகிவிட்டது. கடையொன்றில் புதிய பலகையும் புரொசசரும் நினைவகமும் வாங்கிப் பூட்டுவித்தேன். 1 டெராபைட் வன்தட்டு பழையது. அதில் விண்டோஸ் 10 இருக்கிறது. இப்போது இயக்கினால், பூட் செய்யக்கூடிய (கணினியை எழுப்பக்கூடிய) சாதனம் எதுவும் இல்லை என்று கறுப்புத் திரையில் ஒரு வரி மட்டும் வருகிறது. வன்தட்டை போமட் செய்து விண்டோஸை மீள நிறுவுவதே வழி என்று கடையில் சொல்லுகிறார்கள். நான்கு வருடத்துக் கல்யாண வீட்டுப் படங்களும் சாமத்திய வீட்டுப் படங்களும் அதில் உள்ளன. வேறு வழி இல்லையா? — வாசகர், சுன்னாகம்

பதில்: இருக்கிறது. தயவுசெய்து போமட் செய்ய விடவேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உங்கள் வன்தட்டில் இருந்து எதுவும் அழிந்திருப்பதற்கான அறிகுறி இல்லை. போனது பழைய பலகை. அதனுடன் போனது, இந்தத் தட்டை எந்த முறையில் வாசிக்க வேண்டும் என்று அது அறிந்து வைத்திருந்த ஒழுங்கு. சில வருடங்களுக்கு முன் என் உறவினர் ஒருவரின் கணினிக்கு இதே நிலை வந்தபோது, திருத்தியவர் போமட் செய்யக் கேட்டார், நானும் யோசியாமல் சம்மதித்தேன். விண்டோஸ் இருந்த பிரிவுடன் ஆவணங்கள் இருந்த பிரிவும் சேர்ந்தே அழிக்கப்பட்டது. அந்தத் தட்டில் எந்தக் குறையும் இருக்கவில்லை என்பதையும், மாற்ற வேண்டியிருந்தது, பலகையிலேயே உள்ள பயோஸ் என்னும் தொடக்க நிரலின் அமைப்பில் ஒரேயொரு வரி என்பதையும் பின்னரே அறிந்தேன். அந்தக் கவலை இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை; அதனால்தான் உங்களுக்குச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில், மின்னல் வன்தட்டையும் தொட்டதா என்று பார்க்க வேண்டும். கணினி எழும்பும்போது டிலீட் விசையையோ எஃப்2 விசையையோ தட்டிக்கொண்டிருந்தால் பயோஸ் பக்கம் திறக்கும். அங்கே, தட்டுகளைப் பலகையுடன் இணைக்கும் சாட்டா இணைப்புகளின் வரிசையில் உங்கள் தட்டின் மாதிரிப் பெயரும் கொள்ளளவும் தெரிய வேண்டும். தெரியவில்லையாயின் மின்சாரத்தை முற்றாக நிறுத்திவிட்டு, தட்டின் பின்புறத்தில் உள்ள எல் வடிவ வாயில் வயர் முழுவதுமாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய வயரின் பூட்டு முறிந்திருந்தால், பெட்டியை மூடும்போது அது ஒரு மயிரிழை வெளியே வந்துவிடும். வெளியில் இருந்து பார்த்தால் பூட்டியது போலவே இருக்கும். புதிய வயரைப் போட்டு, தாய்ப்பலகையில் வேறொரு வாயில் பொருத்திப் பாருங்கள். அப்படியும் தெரியாவிட்டால், அல்லது தட்டு சீராகச் சுழலாமல் கிளிக் கிளிக் என்று அடித்தால், மேலும் முயலாமல் தரவு மீட்பதில் பயிற்சி உள்ளவரிடம் கொடுங்கள்.

தட்டு தெரிகிறது என்றால், அடுத்த வேலை கணினியை எழுப்புவது அன்று. படங்களைப் பிரதி எடுப்பது. வன்தட்டைக் கழற்றி, சாட்டாவை யூ.எஸ்.பி ஆக மாற்றும் இணைப்பி மூலம் இன்னொரு கணினியில் பூட்டினால், கோப்புகள் வழமைபோலத் திறக்கும். விண்டோஸ் எழும்பாத தட்டில் இருந்து படங்களை எடுக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். பூட் ஆவதும் கோப்பை வாசிப்பதும் வேறு வேறு. இணைத்த கணினி, தட்டை போமட் செய்யவா என்று கேட்டால் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். படங்கள் வேறொரு தட்டில் பத்திரமான பிறகு, மற்றதை ஆறுதலாகச் செய்யலாம்.

இனிக் காரணத்தைச் சொல்லுகிறேன். 1981 இல் ஐ.பி.எம் நிறுவனத்தின் தனிநபர் கணினியுடன் வந்த பயோஸ் வழிவந்த முறையில், பலகை தட்டின் முதல் 512 பைட்டை மட்டும் வாசித்து, அதில் உள்ள சிறிய நிரலிடம் வேலையை ஒப்படைத்துவிடும். தட்டின் பிரிவுகளைப் பற்றிய அட்டவணையும் அந்த முதல் துண்டிலேயே இருக்கும், இதனை எம்.பி.ஆர் என்கிறோம். பின்னர் வந்த யூ.ஈ.எஃப்.ஐ முறையில் (இதன் அமைப்புப் பக்கத்தையும் பயோஸ் என்றே அழைக்கிறோம்) பலகை அந்த முதல் துண்டைப் பொருட்படுத்துவதில்லை. ஜி.பி.ரி என்னும் புதிய அட்டவணையைப் பார்த்து, எஃப்.ஏ.ரி.32 வடிவில் உள்ள ஒரு சிறிய பிரிவைத் திறந்து, அதில் இருக்கும் பூட் கோப்பை இயக்குகிறது. 2013 அளவில் இங்கே பூட்டப்பட்ட கணினிகள் பலவற்றில் விண்டோஸ் பழைய முறையிலேயே நிறுவப்பட்டது. உங்கள் புதிய பலகையோ புதிய முறைக்கென்றே அமைக்கப்பட்டு வந்திருக்கும். அது தட்டைக் காண்கிறது, தான் எதிர்பார்க்கும் சிறிய பிரிவைக் காணவில்லை, ஆகவே பூட் சாதனம் இல்லை என்று சொல்லுகிறது. அதன் கணக்கில் அது சரி.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. பயோஸில் பூட் என்னும் பகுதியில் பழைய முறைக்கு இடம்கொடுக்கும் சி.எஸ்.எம் என்ற தெரிவு இருந்தால், கையொப்பமிட்ட பூட் கோப்புகளை மட்டும் இயங்கவிடும் செக்கியூர் பூட் என்ற பாதுகாப்பை நிறுத்திவிட்டு, சி.எஸ்.எம்மை இயங்கச் செய்து சேமியுங்கள். பலகை பழைய முறையையும் ஏற்கும், விண்டோஸ் பெரும்பாலும் அப்போதே எழும்பிவிடும். ஆனால் அண்மைய பலகைகள் பலவற்றில் இந்தத் தெரிவே இல்லை. தனி வரைகலை அட்டை இல்லாதபோது அதை இயக்க மறுக்கும் பலகைகளும் உண்டு. இன்டெல் நிறுவனம் 2020 உடன் பழைய முறைக்கான ஆதரவை நிறுத்த எண்ணியிருப்பதாக 2017 இலேயே அறிவித்தது. எனவே இவ்வழி கைகொடுத்தாலும் நிரந்தரம் அன்று.

இரண்டாவது வழி, தட்டின் அட்டவணையைப் புதிய முறைக்கு மாற்றுவது. மைக்ரோசொப்டின் தளத்தில் கிடைக்கும் கருவியைக் கொண்டு, குறைந்தது 8 ஜி.பி. உள்ள பென் டிரைவில் விண்டோஸ் நிறுவியைத் தயாரித்து, அதில் இருந்து கணினியை எழுப்புங்கள். மொழியைத் தெரிவுசெய்யும் முதல் திரையிலேயே ஷிஃப்ட் விசையுடன் எஃப்10 ஐ அழுத்தினால் கறுப்புக் கட்டளைப் பலகம் திறக்கும். டிஸ்க்பார்ட் என்று தட்டி, அடுத்து லிஸ்ட் டிஸ்க் என்று தட்டுங்கள். ஒவ்வொரு தட்டும் ஒவ்வொரு வரியாக வரும். வரியின் வலது ஓரத்தில் ஜி.பி.ரி என்ற தலைப்பின் கீழே ஒரு நட்சத்திரக் குறி இருந்தால் அது புதிய முறை, வெறுமையாக இருந்தால் பழைய முறை. எந்த இலக்கத்தின் எதிரே 931 ஜி.பி. என்று இருக்கிறதோ அதுவே உங்கள் 1 டெராபைட் தட்டு. அந்த இலக்கத்தைக் குறித்துக்கொண்டு டிஸ்க்பார்ட்டில் இருந்து வெளியேறுங்கள். பின்னர் எம்பிஆர்2ஜிபிரி என்ற கட்டளையை, சாய்கோட்டுடன் வலிடேட் என்றும், சாய்கோட்டுடன் டிஸ்க், முக்காற்புள்ளி, தட்டின் இலக்கம் என்றும் சேர்த்து இயக்குங்கள். இது சோதிப்பது மட்டுமே; எதையும் மாற்றாது. சோதனை நிறைவேறியது என்று வந்தால், வலிடேட் இருந்த இடத்தில் கொன்வேர்ட் என்று எழுதி மீண்டும் இயக்குங்கள். கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். அட்டவணை மாறி, பூட் செய்வதற்கான சிறிய பிரிவும் உருவாக்கப்படும்.

சோதனை தோல்வியடைந்தால் பயப்படாதீர்கள். எங்கள் கடைகளில் தட்டை சி, டி, ஈ, எஃப் என்று நான்கைந்தாகப் பிரித்துத் தருவது வழக்கம். பழைய அட்டவணையில் அப்படிப் பிரிக்கும்போது கடைசிப் பிரிவுகள் நீட்சிப் பிரிவு என்னும் பெரிய கூட்டுக்குள் அடைக்கப்படும். இந்தக் கட்டளை அதை ஏற்காது. முதன்மைப் பிரிவுகளும் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. பிரதி எடுத்துவிட்டீர்கள் ஆகையால், தேவையற்ற பிரிவுகளை நீக்கிவிட்டு மீண்டும் முயலலாம். உங்கள் விண்டோஸ் 32 பிற்று வகையாக இருந்தால் மட்டும் இவ்வழி உதவாது. இன்றைய பலகைகளின் 64 பிற்று யூ.ஈ.எஃப்.ஐ அதை எழுப்பாது. அந்நிலையில், படங்கள் பத்திரமாக இருக்க, புதிதாக நிறுவுவதில் நட்டமில்லை.

விண்டோஸ் முதன்முறை எழும்பும்போது சாதனங்களைத் தயார் செய்வதாக ஒரு திரை வந்து, சில நிமிடங்கள் அசையாமல் நிற்கும். ஒன்றிரண்டு முறை தானாக மறுதொடக்கமும் ஆகலாம். இடையில் மின்சாரத்தை நிறுத்த வேண்டாம். வலையமைப்புக்கான டிரைவர் (அவ்வன்பொருளை இயக்கும் மென்பொருள்) இல்லாமல் இணையம் வராதுபோனால், கைப்பேசியை யூ.எஸ்.பி வயரால் இணைத்து அதன் இணையத்தைப் பகிருங்கள். விண்டோஸ் அப்டேட் மிகுதியைத் தேடி எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: பழைய பலகை ஒன்றை வாங்கி மாற்றினேன். விண்டோஸ் எழும்புகிறது; ஆனால் எந்த இணையத்தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பற்றது என்று வருகிறது. வைரஸா? — வாசகர், சங்கானை

பதில்: வைரஸ் அன்று. திரையின் மூலையில் உள்ள திகதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் நிற்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் திகதியை வைத்தே சரிபார்க்கப்படுகின்றன. பலகையில் நாணயம் போலப் பதிந்திருக்கும் சி.ஆர்.2032 என்னும் 3 வோல்ட் பற்றரி வடிந்துவிட்டது. புதியதை, எழுத்துள்ள பக்கம் மேலே இருக்குமாறு பதித்து, பயோஸில் திகதியையும் நேரத்தையும் திருத்துங்கள். பற்றரி வடிந்த பலகையில் பூட் முறை, சாட்டா முறை போன்ற அமைப்புகளும் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடக்கூடும். அவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: நான் கொக்குவிலில் தங்கிப் படிக்கும் மாணவன். ஏ.எம்.டி பலகையில் இருந்து 12 ஆம் தலைமுறை இன்டெல் பலகைக்கு மாறினேன். பலகையிலேயே நேரடியாகச் செருகும் எம்.2 வகைத் தட்டு பழையதே, யூ.ஈ.எஃப்.ஐ முறையில்தான் இருந்தது. விண்டோஸின் சின்னம் வருகிறது, புள்ளிகள் சுழல்கின்றன, பிறகு இன்எக்செசிபிள் பூட் டிவைஸ் என்று நீலத்திரை. ஏ.எம்.டியில் நிறுவிய விண்டோஸ் இன்டெலில் ஓடாது என்று நண்பர்கள் சொல்லுகிறார்கள். உண்மையா? — வாசகர், கொக்குவில்

பதில்: உண்மையன்று. இரண்டு நிறுவனங்களின் புரொசசர்களும் ஒரே 64 பிற்று கட்டளைத் தொகுதியையே பின்பற்றுகின்றன. விண்டோஸ் 10 உம் 11 உம் இம்மாற்றத்தைப் பெரும்பாலும் தாங்கும். உங்கள் நீலத்திரைக்குக் காரணம் வேறு. சின்னம் வந்துவிட்டது என்பதால், பலகை தட்டைக் கண்டு பூட் கோப்பை எடுத்துக் கொடுத்துவிட்டது. அதன்பின் விண்டோஸ் தன் சொந்த டிரைவர்களைக் கொண்டு தட்டைத் திறக்க வேண்டும். அங்கேதான் கதவு பூட்டிக் கிடக்கிறது.

இன்டெலின் 11 ஆம் தலைமுறையில் இருந்து வரும் பல கணினிகளில் வி.எம்.டி என்ற அமைப்பு இருக்கிறது. அது இயங்கும் நிலையில் இருந்தால், எம்.2 தட்டு நேரடியாகத் தெரியாமல் கன்ட்ரோலர் எனப்படும் இன்டெலின் கட்டுப்பாட்டிக்குப் பின்னால் நிற்கும். ஏ.எம்.டி பலகையில் வளர்ந்த உங்கள் விண்டோஸில் அக்கட்டுப்பாட்டிக்கான டிரைவர் இல்லை. பயோஸில் வி.எம்.டி என்ற சொல்லைத் தேடி நிறுத்திவிட்டுச் சேமியுங்கள்; எம்.2 தட்டுகள் பெரும்பாலும் பின்பற்றும் என்.வி.எம்.இ முறைக்கான டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருப்பதால் பெரும்பாலும் அதுவே போதும்.

சாட்டா வகைத் தட்டு வைத்திருப்பவர்களுக்கு இதே நீலத்திரை, 7பி என்ற குறியெண்ணுடன், வேறொரு காரணத்தால் வரும். பழைய பலகையில் சாட்டா முறை, பல தட்டுகளை ஒன்றாக இணைக்கவல்ல ரெய்ட் என்று இருந்து, புதியதில் தட்டுகளைத் தனித்தனியே கையாளும் ஏ.எச்.சி.ஐ என்று இருக்கும், அல்லது மறுதலையாக இருக்கும். விண்டோஸ் தான் பயன்படுத்தாத சேமிப்பு டிரைவர்களைத் தொடக்கத்தில் ஏற்றாமல் ஒதுக்கி வைத்துவிடும் வழக்கம் உடையது. எனவே முதலில் பழைய முறையையே புதிய பலகையில் தெரிவுசெய்து பாருங்கள். அது இயலாவிட்டால் பாதுகாப்பு நிலை எனப்படும் சேஃப் மோட்டில் எழுப்ப வேண்டும். அந்நிலையில் விண்டோஸ் ஒதுக்கி வைத்த டிரைவர்களையும் ஏற்றிப் பார்க்கும். நிறுவிப் பென் டிரைவில் இருந்து கட்டளைப் பலகத்தைத் திறந்து, பிசிடிஎடிட் கட்டளையால் இயல்பு நிலைத் தெரிவுக்கு சேஃப்பூட் மினிமல் என்று இட்டால் அடுத்த முறை அந்நிலையில் எழும்பும். எழும்பியதும், அதே கட்டளையால் டிலீட்வல்யூ கொடுத்து அந்த அமைப்பை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் சேஃப் மோட்டிலேயே நிற்கும்.

ஓர் எச்சரிக்கை. இரண்டு தட்டுகளை உண்மையாகவே ரெய்ட் முறையில் இணைத்து ஒன்றாகப் பயன்படுத்தியவர்கள், இம்முறைகளை மாற்றிமாற்றிச் சோதிக்கக் கூடாது. அவர்களுக்குத் தரவே அந்த இணைப்பில் தங்கியிருக்கிறது.

கேள்வி: நான் ஆசிரியை. கனடாவில் உள்ள மகன் அனுப்பிய மடிக்கணினியின் தாய்ப்பலகையைத் திருத்துமிடத்தில் மாற்றித் தந்தார்கள். இப்போது நீலத்திரையில் 48 இலக்கத் திறப்பு ஒன்றைக் கேட்கிறது. நான் அப்படி எந்தக் கடவுச்சொல்லும் வைத்ததில்லை. வினாத்தாள்களும் பிள்ளைகளின் புள்ளிப் பதிவுகளும் உள்ளே இருக்கின்றன. திருத்தியவர்கள் ஏதாவது செய்துவிட்டார்களா? — வாசகி, நெல்லியடி

பதில்: அவர்கள் பூட்டவில்லை, நீங்களும் தெரிந்து பூட்டவில்லை. விண்டோஸ் 10, 11 உள்ள பல மடிக்கணினிகளில், மைக்ரோசொப்ட் கணக்கொன்றின் மூலம் முதன்முதல் அமைக்கும்போதே சாதன மறைகுறியாக்கம் தானாக இயங்கத் தொடங்கிவிடும். இது பிட்லொக்கர் என்னும் தொழில்நுட்பமே. தட்டில் உள்ளவை யாவும் பூட்டிய வடிவில் எழுதப்படும், திறப்பு ரி.பி.எம் எனப்படும் பாதுகாப்புப் பகுதியில் வைக்கப்படும். ஒவ்வொரு நாளும் நீங்கள் கணினியைத் திறந்தபோது அது சத்தமின்றித் திறப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தது. தாய்ப்பலகையை மாற்றியபோது அந்தப் பகுதியும் சேர்ந்து போய்விட்டது. புதிய பலகையின் ரி.பி.எம்மிற்கு உங்கள் தட்டைத் தெரியாது. கணினி களவுபோனால் தட்டைக் கழற்றி வேறொன்றில் பூட்டி வாசிக்க முடியாமல் செய்வதே இதன் நோக்கம். திருத்தத்தையும் களவையும் அதனால் பிரித்தறிய இயலாது.

48 இலக்கங்கள், ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகளில், எங்கோ ஓரிடத்தில் சேமிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அந்த இடம் பெரும்பாலும் கணினியை முதன்முதல் அமைத்தவரின் மைக்ரோசொப்ட் கணக்கு. மகன் அனுப்பியது என்று எழுதியிருக்கிறீர்கள். அனுப்ப முன்னர் அவரே தம் மின்னஞ்சலைக் கொடுத்து அமைத்திருந்தால், திறப்பு உங்கள் கணக்கில் இருக்காது, அவருடையதில் இருக்கும். அவரை அழைத்து, இணையத்தில் மைக்ரோசொப்ட் கணக்கினுள் சென்று, சாதனங்கள் என்ற பகுதியில் பிட்லொக்கர் மீட்புத் திறப்புகளைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் நீலத்திரையில் திறப்பின் அடையாள எண்ணும் காட்டப்படும். அதன் முதல் எட்டு எழுத்துகளைத் தொலைபேசியில் அவருக்கு வாசித்துக் காட்டினால், பல திறப்புகள் இருந்தாலும் எது உங்களுடையது என்று அவர் கண்டுபிடித்துவிடுவார். பழைய மின்னஞ்சல்களையும், கல்வித் தேவைக்காக உங்களுக்குத் தரப்பட்ட கணக்கு இருந்தால் அதன் நிருவாகியையும் விட்டுவிட வேண்டாம்.

திறப்புக் கிடைத்து உள்ளே போனதும் வினாத்தாள்களைப் பிரதி எடுங்கள். ஒவ்வொரு முறையும் மீண்டும் திறப்பைக் கேட்டால், அமைப்புகளில் சாதன மறைகுறியாக்கத்தை நிறுத்தி, தட்டு முழுவதும் விடுபடும்வரை பொறுத்து, மீண்டும் இயக்குங்கள், புதிய ரி.பி.எம்முடன் புதிய திறப்பு உருவாகும். அதைக் கையால் எழுதி வீட்டில் வையுங்கள்.

உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. திறப்பு எங்கும் இல்லையென்றால், பின்கதவு எதுவும் இல்லை. மைக்ரோசொப்ட் நிறுவனத்தாலும் திறந்து தர முடியாது. பணம் தந்தால் உடைத்துத் தருகிறேன் என்று எவரேனும் சொன்னால் நம்பவேண்டாம். ஆனால் பழைய தாய்ப்பலகையைத் திருத்துமிடத்தில் இன்னும் வைத்திருக்கிறார்களா என்று இன்றே கேளுங்கள். அதன் பழுது மின்னேற்றும் பகுதியிலோ வேறு சிறிய இடத்திலோ மட்டும் இருந்து, அதைத் தற்காலிகமாகவேனும் எழுப்ப முடிந்தால், அந்தப் பலகையின் ரி.பி.எம் உங்கள் தட்டைத் திறக்கக்கூடும்.

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்தில் பிள்ளைகளுக்காக, விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளம் உள்ள கணினி ஒன்று வைத்திருக்கிறோம். பலகை மாற்றிய பின் பயோஸில் தட்டு தெரிகிறது; பூட் வரிசையில் உபுண்டு என்ற பெயரைக் காணவில்லை. — வாசகர், சாவகச்சேரி

பதில்: யூ.ஈ.எஃப்.ஐ முறையில், எந்தத் தட்டில் எந்தக் கோப்பை இயக்குவது என்ற பட்டியல் தட்டில் இருப்பதில்லை. பலகையில் உள்ள, மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகத்தில் இருக்கிறது. உபுண்டு என்ற பெயர் பழைய பலகையுடன் போய்விட்டது. பட்டியல் வெறுமையாக இருக்கும்போது பலகை, தட்டின் சிறிய பூட் பிரிவில் உள்ள பூட் கோப்புறையில் பூட்எக்ஸ்64 என்ற பொதுப் பெயருள்ள கோப்பைத் தேடும். அங்கே அது இல்லாவிட்டால் நின்றுவிடும்.

சில பலகைகளில் பூட் தெரிவைச் சேர்க்கும் வசதி பயோஸிலேயே இருக்கும். அதன் வழியாக அந்தச் சிறிய பிரிவைத் திறந்து, உபுண்டு கோப்புறையில் உள்ள ஷிம்எக்ஸ்64 என்ற கோப்பைக் காட்டிவிட்டால் வேலை முடிந்தது. அவ்வசதி இல்லாவிட்டால், உபுண்டு பென் டிரைவை யூ.ஈ.எஃப்.ஐ முறையிலேயே எழுப்பி, நிறுவாமல் முயலும் தெரிவுக்குப் போங்கள். தட்டில் உபுண்டு நிறுவப்பட்ட மூலப் பிரிவையும் அதற்குள் பூட் பிரிவையும் மவுண்ட் செய்து (திறந்து இணைத்து), சிஎச்ரூட் கட்டளை மூலம் நிறுவிய உபுண்டுவின் உள்ளே சென்று, அதன் பூட் நிரலான கிரப்பை மீளப் பதியும் கிரப்-இன்ஸ்ரோல், அப்டேட்-கிரப் என்ற இரண்டு கட்டளைகளையும் இயக்கினால் பெயர் புதிய பலகையில் மீள எழுதப்படும். உபுண்டுவின் தொடக்கக் கோப்பில் பெரும்பாலான வன்பொருள்களுக்கான டிரைவர்கள் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருப்பதால், லினக்ஸ் பயனர்களுக்கு நீலத்திரை போன்ற தடை அரிது.

எழும்பிய பின் இரண்டு சிறு சிக்கல்கள் வரலாம். வலையமைப்பு அட்டையின் பெயர் அது பொருத்தப்பட்ட இடத்தை வைத்து இடப்படுவதால் மாறியிருக்கும். பழைய பெயரை அமைப்புக் கோப்பில் கையால் எழுதியிருந்தால் அதைத் திருத்துங்கள். செக்கியூர் பூட் இயங்கும் நிலையில் என்விடியா வரைகலை அட்டைக்கானவை போன்ற டிரைவர்களை நிறுவியிருந்தால், அவற்றுக்காக அன்று பதிந்த கையொப்பத் திறப்பும் பழைய பலகையிலேயே இருந்தது. எம்ஓகேயுடில் கட்டளையால் அதை மீண்டும் பதியும்வரை அந்த டிரைவர் இயங்காது; படம் மங்கலாகவோ பெரிதாகவோ தெரிந்தால் இதையே சந்தேகியுங்கள்.

கேள்வி: என் கணினியின் யூ.எஸ்.பி வாய்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன. அடுத்த கிழமை பலகையை மாற்ற இருக்கிறேன். விண்டோஸ் சிறிய எஸ்.எஸ்.டியில் (சுழலும் பாகமற்ற தட்டில்) இருக்கிறது; பழைய வன்தட்டைக் கழற்றிவிட யோசனை. முன்கூட்டியே செய்ய வேண்டியவை எவை? விண்டோஸ் உரிமம் என்னாகும்? — வாசகர், மானிப்பாய்

பதில்: கணினி உயிருடன் இருக்கும்போதே கேட்டிருக்கிறீர்கள், இன்று அரை மணி நேரம் செலவிட்டால் போதும்.

தேடல் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 என்று தட்டினால் வரும் பக்கத்தில் பயோஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள். லெகசி (பழைய முறை) என்றிருந்தால் சுன்னாகம் வாசகருக்கு எழுதியது உங்களுக்கும் பொருந்தும். அட்டவணை மாற்றத்தை, பிரதி எடுத்துவிட்டு, பழைய பலகையில் இருக்கும்போதே செய்துகொள்ளலாம். ஆனால் மாற்றியவுடன் அதே பலகையின் பயோஸையும் யூ.ஈ.எஃப்.ஐ முறைக்கு மாற்ற வேண்டும். அவ்வசதி அதில் இல்லாவிட்டால் புதிய பலகை வரும்வரை பொறுங்கள். பயோஸின் பூட் பக்கத்தையும் சாட்டா பக்கத்தையும் கைப்பேசியால் படம் எடுங்கள். பிட்லொக்கரோ சாதன மறைகுறியாக்கமோ இயங்கினால், மீட்புத் திறப்பைக் கடதாசியில் எழுதிவிட்டு, மாற்றும் நாள் காலையில் அதை இடைநிறுத்துங்கள்.

வன்தட்டைக் கழற்றும் யோசனையில் ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸை நிறுவியபோது இரண்டு தட்டுகளும் பூட்டியிருந்தால், விண்டோஸ் எஸ்.எஸ்.டியிலும், அதை எழுப்பும் சிறிய பிரிவு வன்தட்டிலும் போய் அமர்ந்திருக்கக்கூடும். டிஸ்க் மனேஜ்மென்ட் பக்கத்தில் ஈ.எஃப்.ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்று எழுதப்பட்ட, பொதுவாக 100 எம்.பி அளவுள்ள துண்டு எந்தத் தட்டின் வரிசையில் இருக்கிறது என்று பாருங்கள். வன்தட்டின் வரிசையில் இருந்தால், அதைக் கழற்றிய கணத்தில் கணினி எழும்பாது. அப்போது எஸ்.எஸ்.டியிலேயே அத்தகைய சிறிய பிரிவொன்றை உருவாக்கி, அதற்கு ஓர் எழுத்தைக் கொடுத்து, பிசிடிபூட் என்ற கட்டளையால் விண்டோஸ் கோப்புறையைச் சுட்டிப் பூட் கோப்புகளை அங்கே எழுத வேண்டும். இதில் பழக்கமில்லையாயின், இப்போதைக்கு வன்தட்டை அப்படியே விட்டுவிடுங்கள்.

உரிமம் வன்பொருளின் அடையாளத்துடன், முக்கியமாகத் தாய்ப்பலகையுடன், பிணைக்கப்பட்டிருக்கிறது. அமைப்புகளில் அக்டிவேஷன் பக்கத்தில், டிஜிட்டல் உரிமம் உங்கள் மைக்ரோசொப்ட் கணக்குடன் இணைக்கப்பட்டிருப்பதாக எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்றே கணக்கைச் சேருங்கள். பலகை மாறிய பின், அதே பக்கத்தில் உள்ள டிரபிள்சூட்டரில், அண்மையில் வன்பொருளை மாற்றினேன் என்ற தெரிவை அழுத்திப் பழைய கணினியின் பெயரைக் காட்டினால் உரிமம் திரும்பும். 2016 இல் வந்த விண்டோஸ் 10 இன் 1607 ஆம் பதிப்பில் இருந்து இவ்வசதி உண்டு. தனியாக வாங்கிய சில்லறை உரிமமே இப்படி மாற்றத்தக்கது. கணினியுடன் சேர்ந்து வந்த ஓ.ஈ.எம் உரிமம் முதற் பலகையுடன் முடிகிறது. அப்படியாயினும் கணினி எழும்பும், கோப்புகள் திறக்கும். மூலையில் அக்டிவேட் செய்யச் சொல்லும் வரி நிற்கும்.

விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டது. பலகையை வாங்கும்போதே அதிலும் புரொசசரிலும் ரி.பி.எம் 2.0 உண்டா, விண்டோஸ் 11 ஐ ஏற்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

பழைய பலகையை அன்றே கடையில் கொடுத்துவிட வேண்டாம். யூ.எஸ்.பி வாய்கள் செத்திருந்தாலும் அது இன்னும் உங்கள் எஸ்.எஸ்.டியை எழுப்பும். புதியதில் விண்டோஸ் எழும்பி, உரிமம் திரும்பி, பிட்லொக்கர் மீண்டும் இயங்கி, இரண்டு மூன்று நாள் ஒழுங்காக ஓடும்வரை அதைப் புரொசசருடன் பெட்டியில் வைத்திருங்கள்.